அமெரிக்கரின் முட்டி

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், பஹ்ரைனில் ஒரு கூடைப்பந்து கிளப்பில் டிரைவராக இருந்தேன். அமெரிக்காவிலிருந்து கான்ட்ராக்டில் வந்திருந்த ஆட்டக்காரரைத் தினமும் காருக்குள் மடித்து வைத்துக் கூட்டிப்போவேன். அவ்வளவு உயரம். விசா கேன்சல் பயமெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் என்று நினைத்திருந்தேன்.

ஒரு மேட்சுக்கு முன் அவருடைய முட்டி பூசணிக்காயாக வீங்கியிருந்தது. ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார்.

"பிரதர், மேனேஜர்கிட்ட சொல்லிடாதீங்க. ஊருக்கு அனுப்பிடுவாங்க" என்றார்.

அதற்குள் மேனேஜரே வந்து அவரைப் பிடித்துக்கொண்டார். "பாய், என்ன ஐஸ்? முட்டி சரியில்லைன்னா சொல்லு. கலாஸ், அவ்வளவுதான், இன்னிக்கே ஊருக்கு டிக்கெட் போட்டுடறேன்."

நான் முந்திக்கொண்டேன். "சார், அமெரிக்காக்காரங்க எதுக்கும் ஐஸ் போடுவாங்க" என்றேன். அவர் டீக்கே ஐஸ் கேட்கிற ஆள் என்பதால் மேனேஜர் நம்பிவிட்டார்.

அன்று அவர் நொண்டாமல் ஆடி ஜெயித்துக்கொடுத்தார். கான்ட்ராக்ட் பிழைத்தது.

மறுநாள் இருவரும் குதைபியா பகுதியிலிருந்த ஒரு மருந்துக்கடைக்குப் போனோம். அவர் முட்டிக்குப் பட்டை வாங்கினார். நான், கிளப்புக்குத் தெரியாமல் வருஷக்கணக்காக விழுங்கிவந்த சுகர் மாத்திரையை வாங்கினேன்.

"நீங்களுமா?" என்று சிரித்தார்.

கான்ட்ராக்டில் வந்தவன் எத்தனை உயரமானாலும் வலியை ஒளித்துவைக்கப் பழகிவிடுகிறான். அதில் நான் ஓர் அமெரிக்கருக்கே சீனியர் என்பதில் இன்றும் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.