முதல் திருப்பத்தில் ஒரு களக்

பழைய காருக்குள் தண்ணீர் ஒழுகினால் அக்கம்பக்கத்தில் எல்லோரும் கூப்பிடுவது பவுடர்காரரைத்தான். ஒழுகல் பார்ப்பதுதான் அவருடைய முக்கியத் தொழில். தரைவிரிப்பைச் சுருட்டிவிட்டு உள்ளே முகப்பவுடரைத் தூவுவார். வெளியே குழாயைத் திறந்துவிடுவார். பவுடரில் தண்ணீர் போட்ட கோட்டைப் பிடித்துக்கொண்டே போனால் ஓட்டை அகப்பட்டுவிடும். மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டுதான். இருந்துவிட்டுப் போகட்டுமே, கைவேலை தெரிந்தவருக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

அப்பேர்ப்பட்டவரின் மனைவி ஓட்டும் கார் ஆறு மாதமாக ஒழுகியது. மானம் கப்பலேறாமல் என்ன செய்யும்?

அந்தக் காரில்தான் பதினோரு வருடமாக அவள் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போகிறாள். மழை வந்தால் பின்சீட்டுப் பிள்ளைகளின் காலுறை தொப்பலாகிவிடும். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேறு வண்டி பார்த்துக்கொள்வதாகப் பெற்றோர்கள் சொல்லிவிட்டார்கள். பவுடர்காரர் கண்ணாடி ரப்பரை மாற்றினார், கூரை மூட்டுக்குப் பசை வைத்தார். ஐந்து தடவை குழாயைத் திறந்து பார்த்தும் பவுடர் காய்ந்தே கிடந்தது. வியாழக்கிழமை மத்தியானம் ஆறாவது தடவையும் அதே கதை. குழாயைத் தூக்கித் தரையில் போட்டார்.

"இதை வித்துத் தொலைச்சிடலாம்."

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. "விக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை பின்சீட்ல உட்கார்ந்து வாங்க. நிக்கும்போது ஒழுகாது. முதல் திருப்பத்துலதான் களக்குன்னு ஒரு சத்தம் வரும்."

"அடிப்பாவி, இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"ஆறு மாசமா சொல்றேன். எனக்கு ஓட்டத் தெரியலன்னு சொல்லிச் சொல்லி நீங்கதான் காதுல போட்டுக்கல."

பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். தெருமுனையில் அவள் வண்டியைத் திருப்பினாள். களக்! இடது பின்கதவுக்குள்ளிருந்து தண்ணீர் புரண்டு வந்து அவர் பாதத்திலேயே கொட்டியது.

"நிறுத்து, நிறுத்து!"

இறங்கிக் கதவின் அடிவிளிம்பைத் தடவினார். கண்ணாடியோரமாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் வெளியேற அங்கே மூன்று சின்னத் துளைகள் இருக்க வேண்டும். ஒன்றையும் காணோம். துருப்பிடிக்காமலிருக்கப் போன கோடையில் அடித்த கருப்புப் பூச்சு அவற்றைக் கெட்டியாக மூடியிருந்தது. அடித்தவர் சாட்சாத் அவரேதான். ஊரார் வண்டிக்கெல்லாம் ஒரு பூச்சு. பெண்டாட்டி வண்டியாயிற்றே என்று இதற்கு மட்டும் மூன்று!

திருப்புளியால் குத்தினார். தண்ணீர் ரோட்டில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. கம்பெனிக்காரன் செய்த கோளாறு என்று மழுப்பிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவள் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள், பொய் வரவில்லை.

"நான்தான் அடைச்சிருக்கேன்," என்றார், அசடு வழிய. "மூணு பூச்சு அடிச்சேன். துருப்பிடிச்சு நடுரோட்ல நீ நின்னுடக் கூடாதேன்னு."

அவள் சிரிப்பாள் என்றுதான் நினைத்தார். அவள் கண் கலங்கிவிட்டது.

"அடிச்சப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? என் வண்டின்னாலே உங்களுக்கு ஆகாதுன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

அவர் மற்றக் கதவுகளின் அடிவிளிம்பையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை நல்ல மழை. பின்சீட்டில் பிள்ளைகளோடு பிள்ளையாக நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து அவரும் போனார். ஒரு காலுறைகூட நனையவில்லை. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் இறங்கி ஓடினார்கள். அவர் இறங்கிவந்து முன்சீட்டில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"கடைக்கு நேரமாகலையா?" என்றாள்.

"ஆகட்டும். நீ ஓட்டு, இன்னொரு சுத்துப் போயிட்டு வரலாம்."