புலிப் போர்வையும் சூசை அண்ணனின் நாவலும்

நேற்று செல்போனில் ஓர் அழைப்பிதழ் வந்தது. சூசை அண்ணனுக்கு நினைவுக் கூட்டமாம். ‘இரண்டு கவிதைத் தொகுப்பு, ஒரே ஒரு நாவல்’ என்று போட்டிருக்கிறார்கள். ‘வளைகுடா வேலை அவர் எழுத்தை விழுங்கிவிட்டது’ என்று ஒரு வரி வேறு. எரிச்சலாக இருந்தது. வளைகுடா ஒன்றும் விழுங்கவில்லை. எனக்குத் தெரியும்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஷார்ஜா முவைலாவில் எங்களுக்கு ஒரே கேம்ப், ஒரே ரூம். அண்ணன் குமரிக் கடற்கரைக்காரர். இருவருக்கும் கம்பி கட்டும் வேலை. சைட்டில் கழித்துப்போடும் வரைபடத் தாள்களைச் சுருட்டி எடுத்துவருவார். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். கம்பி முறுக்கிக் காய்த்த விரலால் அதில்தான் எழுதினார். சிமெண்டும் துருவும் கலந்த வாடை அந்தத் தாளுக்கு. இன்றும் ஏதாவது கட்டடம் எழும்பும் தெருவில் நடந்தால் அந்த நாவல்தான் மூக்கில் ஏறுகிறது.

அது அவருடைய இரண்டாவது நாவல், எங்கள் கேம்ப்பைப் பற்றியது. வெள்ளிக்கிழமை மீன்குழம்பு கொதிக்கும்போது வாசித்துக் காட்டுவார்.

“என்னைய ஏண்ணே குடிகாரனா எழுதுனீங்க?” என்றான் பக்கத்துக் கட்டில் முருகேசன்.

“நீ குடிய நிறுத்து மக்கா, நாளைக்கே மாத்திருவேன்.”

அவனும் நிறுத்தவில்லை, இவரும் மாற்றவில்லை. என்னை ரொம்ப நல்லவனாக எழுதியிருந்தார். அந்த ஓர் இடத்தில்தான் அவர் கணிப்பு தப்பியது.

லீவில் போகிறவனின் பெட்டி அவனுடையது இல்லை. தைலம், சோப்பு, பால்பவுடர் என்று ரூமே அதில் திணிக்கும். எடை கூடினால் உன் சாமானை எடுத்துப் போடு, அடுத்தவன் சாமானைத் தொடாதே. இது கேம்ப் சட்டம். நான் கிளம்பியபோது முருகேசன் தன் மகளுக்கென்று ஒரு பொம்மை தந்தான். அண்ணன் லுங்கித் துணியில் கட்டிய மூட்டையைத் தந்தார்.

“ஒரு பிரதிதான் கெடக்கு. எனக்க தம்பி கையில குடு. அவன் பதிப்பகத்துல சேத்துருவான்.”

ஏர்போர்ட்டில் நான்கு கிலோ கூடிவிட்டது. “பாய், ஜல்தி” என்று பின்னால் ஒருவன் நெருக்கினான். பெட்டியில் என் சாமான் என்று இருந்தது ஒன்றுதான், மனைவிக்கு வாங்கிய புலிப்படம் போட்ட தடிப் போர்வை. அதுவும் நான்கு கிலோ இருக்கும், மூட்டையும் நான்கு கிலோ இருக்கும். தாளெல்லாம் ஒரு சாமானா என்று எனக்குத் தோன்றியது. மூட்டையைத் தூணோரம் வைத்துவிட்டு நடந்தேன்.

திரும்பிப் போனதும் ஏதாவது பொய் சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் தம்பி போனில் சொல்லிவிட்டிருந்தார், எதுவும் வரவில்லை என்று. சைட்டில்தான் அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கம்பி முறுக்குவதை நிறுத்தவில்லை.

“முருகேசனுக்க பிள்ளைக்குப் பொம்மை போய்ச் சேந்துதா?”

“சேந்துச்சுண்ணே.”

“பின்ன என்ன. கலாஸ், முடிஞ்சுது.”

அதற்குப் பிறகு அவர் சைட்டிலிருந்து தாள் எடுத்துவரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் குழம்பு மட்டும் கொதித்தது.

அந்தக் கேம்ப்பை இடித்துவிட்டார்களாம். முருகேசன் ஈரல் கெட்டுச் செத்தான். அவன் குடித்ததும், பாடியதும், மகளுக்குப் பொம்மை தேடி அலைந்ததும் அந்தத் தாள்களில் இருந்தன. இப்போது எங்களில் எவனும் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கூட்டத்துக்கு நான் போகப்போவதில்லை. புலிப் போர்வை பீரோ மேல் இருக்கிறது, சாயம்கூடப் போகவில்லை. எங்கள் ஊர் வெயிலுக்கு அதை ஒருநாளும் யாரும் போர்த்தியதில்லை.