தீப்பெட்டி ஊட்டின் நீளச் சன்னல்

நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் நாங்கள் பனியன் தைக்கிற யூனிட் போட வாடகைக்குப் பிடித்த வீட்டுக்கு ஊருக்குள் 'தீப்பெட்டி ஊடு' என்று பேர். சுற்றிலும் ஓட்டு வீடுகளாக இருந்த காலத்தில், பஞ்சு வியாபாரத்துக்குப் பம்பாய் போய்வந்த ஒருவர் அங்கே பார்த்ததைப் போலக் கட்டினாராம். சப்பட்டையான கான்கிரீட் கூரை, ஒரு பூவேலைகூட இல்லாத வெள்ளைச் சுவர், கீழ்த்தளத்தில் வடக்கே இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரே சன்னல். அவருடைய மருமகள்தான் எங்கள் வீட்டுக்காரம்மா. மாடியில் இருந்தார்.

"கல்யாணமாகி வந்தன்னைக்கே எங்க சனம், 'குடோனுக்கா பொண்ணு குடுத்தீங்க'ன்னு சிரிச்சாங்க கண்ணு" என்பார். அந்தச் சன்னலை அடைத்துவிட்டு எல்லார் வீட்டையும் போல இரண்டு சின்ன சன்னல் வைக்க வேண்டுமென்பது அவருடைய வெகுநாள் ஆசை. நாங்கள் குடிபோன சமயம் வாசலில் செங்கல்கூட இறக்கியாயிற்று.

அப்போதுதான் எங்கள் முதல் ஆர்டர், மெரூன் டீ-சர்ட். துணி பாதி பாதியாக இரண்டு தடவையில் சாயம் போட்டு வந்தது; தடவைக்குத் தடவை நிறம் கொஞ்சம் மாறும். வெட்டுகிற அவசரத்தில் இரண்டையும் கலந்துவிட்டோம். ட்யூப்லைட்டில் பார்த்த என் வீட்டுக்காரர், "ஷேடு ஓகே, தைக்கக் குடுத்துடலாம்" என்றார். ஷேடு பார்ப்பதில் அவருக்குத் தன்மேல் அபார நம்பிக்கை!

காலையில் வெட்டிய துணியைச் சன்னலோரம் விரித்தேன். டீ-சர்ட்டின் உடம்புத் துணி திராட்சை நிறம், கைத் துணி செங்கல் நிறம். தைத்து அனுப்பியிருந்தால் மொத்தமும் திரும்பியிருக்கும், நாங்களும் பழையபடி அடுத்தவர் கம்பெனிக்கு வேலைக்குப் போயிருப்போம். அன்று பொழுதுக்கும் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து, உடம்புக்கேற்ற கையைத் தேடித்தேடிச் சேர்த்தோம்.

சாயங்காலம் நிறம் ஒட்டாத இரண்டு கைத் துணியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். "சன்னலை அடைச்சுறாதீங்கம்மா." அவர் கீழே வந்து, சன்னலில் பிடித்துப் பார்த்தார். "அட, எனக்கே தெரியுதே கண்ணு!" என்றார். வாசலில் இறக்கிய செங்கல், துணி துவைக்கும் மேடையாகிவிட்டது.

சேதி பரவி, பக்கத்து யூனிட்காரர்கள் வந்து சன்னலை அளந்துகொண்டு போனார்கள். இன்று எங்கள் தெருவில் புதிதாக எழும்புவதெல்லாம் சப்பட்டைக் கூரையும் வடக்கே நீளச் சன்னலும்தான். இன்ஜினியர்கள் அதை 'லேட்டஸ்ட் மாடல்' என்கிறார்கள். சிரிப்பை அடக்கிக்கொள்வேன்.

எங்கள் சொந்த யூனிட் திறப்புக்கு அந்த அம்மாவைத்தான் முதலில் அழைத்தேன். இந்தச் சோறு அந்தச் சன்னல் போட்டது, வேறென்ன சொல்ல. எங்கள் நீளச் சன்னலில் நின்று எதிர்வரிசைக் கட்டடங்களை வெகுநேரம் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க சனத்துகிட்டச் சொல்லோணும் கண்ணு, நான் குடோனுக்கு வாக்கப்படலைன்னு."