மச்சாளை வெளியில எடுத்த கோச்

கோச் வேலை எண்டால் விசில் ஊதுறது எண்டு நினைச்சிருப்பீங்கள். நான் இப்ப பாத் ரப்பில ரீமின்ரை சேறு பிடிச்ச ஜேர்சியளைக் கும்மிக்கொண்டு நிக்கிறன். சனிக்கிழமை மச் இருக்கு. ரீம் இருக்கோ தெரியாது. மச்சாள் என்னோட கதைக்கிறேல்லை. வீட்டு ஆக்களோட சேர்ந்து வேலை செய்து முகம் கறுத்தவையளுக்கு என்ரை பாடு விளங்கும்.

ஆளில்லாத இடம்

நாங்கள் விளையாடுறது அவுஸ்திரேலியாப் புட்போல். நீள்வட்டப் பந்து, கனடா ஸ்காபரோவில ஒரு கிரிக்கெட் மைதானம், எல்லாரும் பொம்பிளையள். என்ரை மனுசன்ரை அக்கா, அதுதான் மச்சாள், ஆள் காணாதெண்டு என்னை இழுத்துக்கொண்டு போனவ. எந்த இடத்துக்கு ஆள் வரேல்லையோ அந்த இடம் எனக்கு. முன்னுக்கு, பின்னுக்கு, நடுவில, நெட்டையள் எழும்பிப் பாயிற இடத்திலயும் இந்தக் கட்டையைத்தான் விட்டவை.

ஒருநாள் எதிர்ப்பக்கத்தில வயது போன ஒருத்தி என்னோட மோதி விழுந்திட்டா. எனக்கு மனம் கேக்கேல்லை. கை குடுத்துத் தூக்கி, முழங்காலில மண்ணையும் தட்டிவிட்டன். எழும்பினவ பந்தை எடுத்து நேர கோல் அடிச்சுப் போட்டா. மச்சாள் மைதானம் முழுக்கக் கேக்கச் சொன்னவ: "தேத்தண்ணியும் ஊத்திக் குடன்!"

கன்னத்தில காயம்

இன்னொரு மச்சில ஆற்றையோ முழங்கை பட்டு என்ரை கன்னம் நீலமாய்க் கண்டிப் போச்சு. தமிழ்க் கடையில மரக்கறி பொறுக்கேக்க, கோயிலில பழக்கமான அன்ரி ஒராள் கிட்ட வந்து, "ஆர் பிள்ளை அடிச்சது?" எண்டு மெல்லமாய்க் கேட்டா. அரைக் காற்சட்டையோட பந்தடிக்கிறனான் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. தலையைக் குனிஞ்சன். அந்த நேரம் பார்த்து இவர் பால் பெட்டியோட வந்தார். அன்ரி அவரை மேலயும் கீழயும் பார்த்த பார்வையை நான் சாகும் வரைக்கும் மறக்கமாட்டன்.

காருக்குள்ள ஏறி இவர் சொன்னார்: "அடுத்த மச்சுக்கு அந்த அன்ரிக்கு முன் வரிசையில கதிரை போடு."

சொல்லி அனுப்பிறது

பழைய கோச் ஊரை விட்டுப் போக, எல்லா இடத்திலயும் நிண்டவள் எண்டு என்னைக் கோச்சாக்கிச்சினம். எட்டாம் வகுப்போட நிண்டவள் நான். நாலு பேருக்கு முன்னால வாய் திறந்தால் வேர்க்கும். நல்ல காலம், இந்த விளையாட்டில கோச் சொல்லுறதை ஓடிப்போய்ச் சொல்ல ஒராள் இருக்கு. எங்கடை ரீமில அது கனடாவில பிறந்த பிரியா.

"மச்சாளிட்டைச் சொல்லும், கோவிக்க வேண்டாமாம், பிழையாய் நினைக்க வேண்டாமாம், ஏலுமெண்டால் கொஞ்சம் பின்னுக்கு நிக்கட்டாம்" எண்டு அனுப்பினன். பிரியா ஓடிப்போய்த் திரும்பி வந்து மூச்சு வாங்கினாள்: "கோச், நான் sorry சொல்லி முடிய முன்னம் they scored!"

வெளியில எடுத்தது

போன சனி மச்சாளின்ரை புருஷன் வீட்டு ஆக்கள் முதன்முதலாய்ப் பார்க்க வந்தவை. அண்டைக்கெண்டு அவவின்ரை முழங்கால் வீங்கி, நொண்டி நொண்டி ஓடினா. வெளியில வரச்சொல்லிப் பிரியாவை அனுப்பினன், வரேல்லை. திரும்பவும் அனுப்பினன். கடைசியில நானே மைதானக் கோட்டுக்குக் கிட்ட நிண்டு கத்தி, எல்லாற்றை கண்ணுக்கும் முன்னால அவவை வெளியில எடுத்தன். காலுக்காகத்தான் எடுத்தது. ஆனால் அவவின்ரை மாமியார் கதிரையைத் திருப்பிப் போட்டதைப் பார்க்க, மண்ணுக்குள்ள புதைஞ்சிடலாம் போல கிடந்தது. மச்சும் தோத்துப்போனம்.

மச்சாள் ஒரு வசனம்தான் சொன்னவ: "இந்த ரீமுக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தது நான்."

அண்டையில இருந்து போன் எடுக்கிறா இல்லை. ரீமில பாதிப்பேர் அவவின்ரை வான் வண்டியிலதான் வாறவை. அவ வராட்டி ரீம் இல்லை. அதைவிட, நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு அவவின்ரை முகத்தில எப்பிடி முழிக்கிறது? மொத்தத்தில, ஆளில்லாத இடத்தில நிக்கிறது லேசு, நிக்கிற ஆளை எடுக்கிறதுதான் — இஞ்ச, மகள் கத்துறாள், "அம்மா, மாமி கீழ நிக்கிறா, உங்களை உடனை இறங்கி வரட்டாம்!" மகளுக்கு மாமி, எனக்கு மச்சாள். தனியவோ, வான் நிறைய ஆக்களோடயோ எண்டு கேக்க முன்னம் ஈரக் கையோட இறங்கி ஓடுறன்.