பின்சீட்டுக்காரியின் பதினாறு வரி

மதியம் ஒன்று பத்துக்குப் பாட்டு வந்தது. வொனெட்டா கிரம்ப் பாத்திரம் தேய்ப்பதை அப்படியே விட்டுவிட்டு, ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். ஆரஞ்ச் மவுண்ட் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இருந்த மற்ற பெண்களும் வாயை மூடிக்கொண்டார்கள். முதலில் பாட்டுக்குச் சொந்தக்காரன் ட்ரெல் பாடினான். அடுத்து இரண்டு பேர் பாடினார்கள். நாலாவதாக பீனட் பாடி முடித்தான். மேளம் ஒரு நொடி நின்று மறுபடி எழ வேண்டிய இடம் அது. அந்த இடத்தில், "ஸ்மூத் கர்ட்டிஸ் பேசுறேன், மெம்ஃபிஸ்! வெளியில தொண்ணூத்தஞ்சு டிகிரி, மக்களே" என்று ரேடியோக்காரன் குறுக்கே விழுந்தான்.

"நாசமாப் போறவன்! இவன் நாக்கு அழுக!" என்று வொனெட்டா தேய்ப்பு நாரைச் சுவரில் அடித்தாள்.

"ஏன்டி, இன்னைக்கும் உன் குரல் காணோமே? சளி பிடிச்சிருக்கா?" என்றாள் மிஸ் எர்லீன். சமையலறைக்குத் தலைமை அவள்தான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வெள்ளைக் கையுறை போட்டு வாசலில் நின்று, வருகிறவர்களுக்கு இடம் காட்டுபவள். அந்தக் கையுறையின் மிடுக்கு மற்ற ஆறு நாளும் அவள் வாயில் இருக்கும்.

"இருக்கு மிஸ் எர்லீன். பாட்டுல நான் இருக்கேன். அவன்தான் முடிக்க விடமாட்டேங்கிறான்."

"இருக்கும் இருக்கும். நானும்தான் குளிக்கும்போது பாடுறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். இது மூன்றாவது வாரம். வொனெட்டாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் நாலு வரி போதும் என்று ஊர் நினைத்தது. வயது இருபத்தாறு. அம்மாவோடு வாடகை வீடு. காலை ஆறுக்கு வேலைக்குப் போய் நானூறு பிள்ளைகளுக்குச் சோள ரொட்டியும் கீரையும் பரிமாறுகிறாள். முடி சோற்றில் விழாமல் இருக்கத் தலையில் வலை. அவ்வளவுதான். ஆனால் பதினேழு வயதிலிருந்து அவள் பால் டப்பா அட்டைகளின் பின்னால் வரி வரியாக எழுதி வைத்திருக்கிறாள் என்பதும், பார்க் அவென்யூ முடிதிருத்தும் கடை வாசலில் ராப் பாட்டில் வாய்க்கு வாய் மோதும்போது அவளிடம் தோற்காத ஆண்பிள்ளை அந்தத் தெருவிலேயே இல்லை என்பதும் தோற்ற ஆண்பிள்ளைகளுக்குத் தெரியும். தோற்றவன் எவன் ஊரைக் கூட்டிச் சொல்வான்?

அந்தத் தோற்றவர்களில் ஒருவன்தான் ட்ரெல். நல்ல பையன், கொஞ்சம் வளவளா. அவனுடைய முதல் ஆல்பத்தை ஒரு பெரிய கம்பெனி எடுத்துக்கொண்டபோது எங்கள் பக்கத்து வழக்கப்படி ஒரு பாட்டைத் தன் ஆட்களுக்கு ஒதுக்கினான். முதல் ஆல்பம் என்றால் அப்படித்தான்: கூட வளர்ந்தவர்களை ஒரு பாட்டிலாவது ஏற்றாதவன் அப்புறம் தெருவில் தலைகாட்ட முடியாது. பாட்டின் பெயர் 'ஒரே கார், அஞ்சு பேர்'. ஆளுக்குப் பதினாறு வரி.

போன ஆகஸ்ட் மாதம், ஒரு சனிக்கிழமை காலை, ட்ரெலின் சித்தப்பா வீட்டில், ஆள் நுழையும் அளவு பெரிய துணி அலமாரிக்குள் அதைப் பதிவு செய்தார்கள். சுவரெல்லாம் கம்பளி. ஏசி இரைச்சல் மைக்கில் விழும் என்று அதையும் அணைத்துவிட்டார்கள். உள்ளே போனவன் வெந்த கிழங்காக வெளியே வந்தான்.

"வோ, நீ ரெண்டாவதா வந்துடு. எனக்கு அடுத்தது நீ" என்றான் ட்ரெல்.

"ஏன்டா, நான் என்ன தொட்டுக்க ஊறுகாயா? கடைசி எனக்கு."

"கடைசி நான்னு எப்பவோ சொல்லியாச்சு" என்று ஐந்து பேரில் இன்னொருவனான பீனட் எழுந்து வந்தான்.

கடைசி இடம் யாருக்கு என்பது சின்ன விஷயம் இல்லை. நாலு பேர் பாடும் பாட்டிலும் சரி, பத்து பேர் பாடும் பாட்டிலும் சரி, கெட்டிக்காரனுக்குத்தான் கடைசி. அவன் வாயில்தான் பாட்டு முடிய வேண்டும். மேலே பேச எவனுக்கும் நாக்கு எழக் கூடாது. சிறு பிள்ளைக்கும் தெரிந்த நியாயம் இது. அதனால் இரண்டு பேரும் வாசலில் நிறுத்தியிருந்த காருக்குப் பக்கத்தில் நின்று மோதினார்கள். பீனட் மூன்றாவது சுற்றில் வரியை மறந்து பெப்பப்பே என்று விழித்தான். தெருவே கைதட்டியது. கடைசி வொனெட்டாவுக்கு என்று முடிவாயிற்று.

அவள் அலமாரிக்குள் போனாள். ஒரே மூச்சில் பதினாறு வரியையும் சொன்னாள். அதில் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. மற்ற நாலு பேரும் பச்சை பச்சையாகப் பேசியிருக்க, அவள் மட்டும் தேடித் தேடிச் சுத்தமாக எழுதியிருந்தாள். ரேடியோவில் வர வேண்டும், மிஸ் எர்லீன் கேட்க வேண்டும் என்கிற ஒரே காரணம்தான்.

ஆல்பம் வந்ததும் கேசட்டைத்தான் முதலில் கொண்டுபோனாள். "அந்தப் பையன் வாயை சோப்பு போட்டுக் கழுவணும். என் சமையலறையில அந்தக் கேசட் ஓடாது" என்று மிஸ் எர்லீன் கையை நீட்டித் தடுத்துவிட்டாள். "ரேடியோவுல வரும்ல? சுத்தம் பண்ணித்தான போடுவாங்க? அதுல கேக்குறேன், போ."

அன்றிலிருந்துதான் இந்த ஒன்று பத்துக் காவல். கேசட்டை யார் வேண்டுமானாலும் விற்கலாம், ரேடியோவில் வந்தால்தான் வந்தது என்று அவளுக்கும் ஒரு பிடிவாதம். பள்ளிக்கூடத்துத் தொலைபேசியில் நிலையத்தைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய், ஒரு செவ்வாய்க்கிழமை வேலை முடிந்த கையோடு பஸ் ஏறி நேரிலேயே போய் நின்றாள். கேட்க வேண்டிய கேள்வியை வழியெல்லாம் தீட்டி வைத்திருந்தாள்.

ஸ்மூத் கர்ட்டிஸ் வழுக்கைத் தலையும் குட்டைக் கையுமாக ஓர் அப்பாவி மனிதர். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ஏன் சார், வெயிலைப் பத்திச் சொல்லாட்டி ஊருக்குத் தெரியாதா? அஞ்சாவது ஆள் வாயைத் திறக்கறதுக்குள்ள அப்படி என்ன அவசரம் உங்களுக்கு?"

"அஞ்சாவது ஆளா? நாலு பேர்தானம்மா" என்றார் அவர். உள்ளே போய் ஓர் உறையை எடுத்துவந்து காட்டினார். கம்பெனி ரேடியோவுக்கென்று தனியாக அனுப்பிய இசைத்தட்டு. மூன்று நிமிடம் ஐம்பது நொடி. ஆல்பத்தில் அதே பாட்டு ஐந்து நிமிடத்துக்கு மேல். "நான் எதையும் வெட்டலை. அவங்க அனுப்பினதை முழுசாத்தான் போடுறேன்."

வொனெட்டா அந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூன்று வாரமாக ஒரு பாவமும் அறியாத மனிதரின் நாக்கு அழுக வேண்டும் என்று சபித்திருக்கிறாள்.

"உங்க பேர் என்னம்மா?" என்றார் கர்ட்டிஸ். சொன்னாள். எங்கே வேலை என்று கேட்டார். அதையும் சொன்னாள். அவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ட்ரெல் ஊருக்கு வந்திருந்தான். அவன் அம்மா வீட்டில் கோழி பொரித்துக்கொண்டிருந்தார்கள். வொனெட்டா உட்காரக்கூட இல்லை.

"நீதான் வெட்டச் சொன்னியா?"

ட்ரெல் கையிலிருந்த கோழிக்காலைக் கீழே வைத்தான். "வோ, கேளு. நாலு நிமிஷத்துக்கு மேல போனா ரேடியோவுல தொடவே மாட்டாங்கன்னு கம்பெனியில சொன்னாங்க. ஓர் ஆளை எடுக்கணும்னாங்க."

"அதுக்கு நான்தான் கிடைச்சேனா? உன் வீட்டு நாய்க்குட்டியா நான், வேண்டாம்னா வெளியில கட்ட?"

"நடுவுல வெட்டினா தாளம் ஒட்டலை. கடைசியில வெட்டினாத்தான் தெரியாது. நான் என்ன பண்ணட்டும்? ரெண்டாவது வான்னு சொன்னேனா இல்லையா? நீ கேட்டியா?"

வாய்க்கு வாய் தோற்காத வொனெட்டா, தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாளே! கெட்டிக்காரிக்குக் கடைசி என்று சண்டை போட்டு வாங்கியது அவள்தான். பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்பார்கள். பதினாறு வரி பெற்றும் மூன்று நொடி வாழ்வுகூட இல்லை.

ட்ரெலுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "ரேடியோவுக்குன்னே புதுசா ஒண்ணு பண்றாங்க. எல்லாருக்கும் எட்டே வரி. நீ வர்றியா? எங்க வேணும்னு நீயே சொல்லு" என்றான்.

அவள் ஜன்னல் வழியாக வாசலில் நின்ற அதே காரைப் பார்த்தாள். அதன் பக்கத்தில் நின்றுதான் பீனட்டைத் தோற்கடித்தாள்.

"முதல்ல" என்றாள்.

"முதல்லயா? நீயா?"

"முதல்லன்னா முதல்ல. முதல்ல இருக்கறதை எவனும் வெட்ட முடியாது."

இதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை ட்ரெல் புரிந்துகொண்டானோ என்னவோ, எனக்குத் தெரியும். பீனட் காதுக்கு விஷயம் போய், "முன்சீட்டு அம்மணி வர்றாங்க, வழி விடுங்கடா" என்று தெருவில் கேலி பேசினான். அவள் பதினாறில் எட்டைத் தானே பிய்த்து எறிந்துவிட்டு, மீதி எட்டை அதே அலமாரிக்குள் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

அக்டோபர் கடைசியில் புதுத் தட்டு நிலையத்துக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமை ஒன்று பத்து. பிள்ளைகள் சாப்பிட்டுப் போய்விட்டார்கள். மிஸ் எர்லீன் நாற்காலியை இழுத்து ரேடியோவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். "இன்னைக்கும் இல்லைன்னா இனிமே இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது, ஆமா" என்றாள். வொனெட்டா கரண்டியும் கையுமாக ரேடியோவின் பக்கத்தில் போய் நின்றாள்.

மேளம் தொடங்கியது. அவள் குரல், அவளுடைய குரலேதான், ஒரு வார்த்தை வெளியே வந்தது. அதன் மேலேயே கர்ட்டிஸின் குரல் குதூகலமாக ஏறி உட்கார்ந்தது.

"மக்களே, இதை நல்லாக் கேளுங்க! இந்தப் பொண்ணு நம்ம வொனெட்டா கிரம்ப்! ஆரஞ்ச் மவுண்ட் பள்ளிக்கூடத்துல நம்ம பிள்ளைகளுக்குச் சோறு போடுற பொண்ணு! பஸ் பிடிச்சு என்னைத் தேடி வந்து ஏன் என் குரலைப் போடலைன்னு கேட்டாங்க. என்ன தைரியம் பாருங்க! இந்த மாதிரிக் குரல் நம்ம ஊருல இருக்குன்னு நமக்கே தெரியலை. காதைத் தீட்டிக்கிட்டுக் கேளுங்க மக்களே, இதோ!"

இதோ என்றதும் ட்ரெல் பாடத் தொடங்கினான். எட்டு வரியும் கர்ட்டிஸின் பாராட்டுக்கு அடியில் நசுங்கி முடிந்துபோயிருந்தன.

சமையலறையில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. வொனெட்டா போய் ரேடியோவின் ஒயரைப் பிடுங்கினாள். பிறகு ஒரு தட்டைக் கவிழ்த்துப் போட்டு, கரண்டியால் நாலு தட்டுத் தட்டினாள்.

"தலையில வலை, கையில கரண்டி,
நானூறு தட்டு நிரப்புவேன் சட்டியைச் சுரண்டி.
பின்சீட்டுல இருக்கேன்னு நெனைக்காத தம்பி,
மொத்த வண்டியும் ஓடுது என் பேச்சை நம்பி…"

நிறுத்தவில்லை. வெட்டிய எட்டையும் சேர்த்துப் பதினாறையும் சொன்னாள். கோபத்தில் சொன்னாள், மூச்சு வாங்கச் சொன்னாள். கடைசி வரியில் கரண்டியின் காம்பு வளைந்துவிட்டது. பெண்கள் மேசையைத் தட்டிக் கூச்சல் போட்டார்கள். மிஸ் எர்லீன் மட்டும் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் கால் இன்னும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"அடி ஆத்தி! ஒரு கெட்ட வார்த்தை இல்லையேடி. எவ்வளவு நல்லா இருக்கு!" என்றாள். எழுந்துவந்து வொனெட்டாவின் தோளில் கை வைத்தாள். அவள் முகத்தில் உண்மையான வருத்தம். "ஏன்டி பைத்தியக்காரி, இதையே அந்த ரேடியோ பாட்டுல பாடியிருக்கக் கூடாதா?"

வொனெட்டா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு வளைந்த கரண்டியை மேசை விளிம்பில் வைத்து நிமிர்த்தத் தொடங்கினாள்.