பம்பரம் உட்கார்ந்த கதை

நாற்பது மெஷின் ஓடும் தையல் கூடத்தில் அதிகக் காலர் தைப்பவள் என்ற பேர். சிபாரிசு செய்ய ஆளில்லாமலே முன்வரிசையில் ஒரு மெஷின். இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்தது. இத்தனையும் தங்கை தானாக வென்றவை. கடைசியாகச் சொன்னதை அக்காவைத் தவிர வீட்டில் எவரும் நம்பவில்லை. வீட்டில் அவளுக்குப் பெயரே பம்பரம். பள்ளிக்கூடப் பெஞ்சில் அவள் இருந்தது மொத்தம் பதினோரு நாள்.

அதே கூடத்தில் துணி வெட்டும் அக்காவுக்கு அந்தப் பதினோரு நாள்தான் உறுத்தியது. தரம் பார்க்கும் வேலை காலியாக இருந்தது. மேலாளர் பம்பரத்தையே கேட்டார். ஆனால் ஒவ்வொரு கட்டின் சீட்டிலும் பார்த்தவர் கையெழுத்து வேண்டும், கைநாட்டு செல்லாது. ஐந்து வாரம் கெடு.

ராத்திரியில் அக்கா எழுதப் பழக்கினாள். பம்பரத்தின் நிஜப் பெயர் நாலே எழுத்து. இரண்டாவது எழுத்திலேயே பம்பரம் எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவாள். அக்கா ஸ்கேலால் மேசையைத் தட்டுவாள். "உக்காருடி! உனக்கு என்ன, நாற்காலியில முள்ளா இருக்கு?"

ஒரு பல் டாக்டர் தன் கிளினிக் மாடியில் ஞாயிறுதோறும் சமத தியானம் சொல்லித் தந்தார். மனத்தை ஒரே இடத்தில் தங்கவைக்கும் பௌத்தப் பயிற்சி. அக்கா அவளை இழுத்துக்கொண்டு போனாள். மூச்சைப் பத்து வரை எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கச் சொன்னார் டாக்டர். பம்பரம் புஸ் புஸ்ஸென்று மூச்சுவிட்டாள். வலது கால் மட்டும், அங்கே இல்லாத மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தது. மணி அடித்ததும் நிமிர்ந்தாள்.

"டாக்டர், நானூத்தி முப்பது! வேற யாராவது இவ்வளவு எடுத்தாங்களா?"

"பீஸ் கணக்கு இல்லம்மா இது," என்று சிரித்தார் டாக்டர். வகுப்பே சிரித்தது. அக்காவுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மூன்றாம் வாரம் பம்பரம் முரண்டு பிடித்தாள். "நான் வரலக்கா. கண்ணை மூடுனா உள்ள பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கு." அக்கா விடாமல் கூட்டிப்போக, அதையே டாக்டரிடமும் சொன்னாள்.

"மனசு ஓடினது தெரிஞ்சுதா? அது போதும். திட்டாம கூட்டிட்டு வந்து மறுபடி மூச்சுல விடுங்க."

திட்டாமல் என்றது அக்காவுக்குத்தான் சுருக்கென்றது. பம்பரமோ யோசித்துவிட்டு, "தையல் கோணிப்போனா முழுச் சட்டையையுமா பிரிக்கிறோம்? விட்ட இடத்துல ஊசியை இறக்குறோம். அது மாதிரியா?" என்றாள்.

"அதேதான்," என்றார் டாக்டர்.

அன்றோடு ஸ்கேல் பீரோவுக்குள் போனது. பம்பரம் எழுந்து போனால் அக்கா வாயைத் திறப்பதில்லை, நோட்டைத் திறந்தபடியே வைப்பாள். ஜன்னல், தண்ணீர்ப் பானை, மறுபடி ஜன்னல். அக்காவுக்கு நாக்கு அரிக்கும். பிறகு பம்பரம் தானே வந்து, விட்ட எழுத்தில் பென்சிலை இறக்குவாள். கடைசி ஞாயிறு டாக்டர் மாடியில் மணி அடிக்கும்வரை இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்தாள்.

கெடு முடிந்த காலை, மேலாளர் சீட்டை நீட்டினார். அக்கா கத்தரியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு எழுத்து வந்தது. மூன்றாவதில் பம்பரத்தின் வலது கால் மிதிக்கத் தொடங்கியது.

"என்னம்மா, கைநாட்டா?" என்றார் மேலாளர்.

"இருங்க சார், ஓடிப்போச்சு. கூட்டிட்டு வரேன்."

ஒரு மூச்சு. கால் நின்றது. மீதி இரண்டு எழுத்தும் கோணலாக, ஆனால் முழுசாக விழுந்தன. அதன் கீழே அச்சடித்த கட்டத்தில் தேதியை அக்கா எழுதிக் கொடுத்தாள்: 2018 நவம்பர் 12, திங்கட்கிழமை.