சுக்கூர் பாயும் மாமரத்துக் கயிறும்

கல்யாணப் பெண் ஒருத்தியின் நெகடிவில் கன்னத்துப் பருவைப் பென்சிலால் மறைத்துக்கொண்டிருந்தேன். ஆம்பூரிலிருந்து சரக்கு விஷயமாக எங்கள் ஊர் லாங் பஜாருக்கு வந்திருந்த, தோல் பதனிடும் ஷாப் ஒன்றின் குமாஸ்தா ஒருவர் என் ஸ்டுடியோ வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்று, "நடராஜன் சார், உங்க சுக்கூர் பாய் போய்ட்டாரு. நேத்தே அடக்கம் ஆயிடுச்சி" என்றார். மாரடைப்பாம். நான் "அப்படியா" என்றேன். அவர் போன பிறகு அந்தப் பருவை முழுவதும் மறைத்து முடித்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

நம் பறவை பார்ப்போர் வட்டத்தின் ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். கூடவே அச்சிடுவதற்கு அந்த விசிறிவால் குருவிப் படத்தையும் கேட்டிருக்கிறீர்கள். எழுதித் தருகிறேன். இந்த வயதில் எழுதுவதும் அலுப்பாகத்தான் இருக்கிறது. படத்தைத் தருவதா வேண்டாமா என்பதை, இதைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

யுத்தம் முடிந்து பிலிம் மறுபடியும் ஒழுங்காகக் கிடைக்க ஆரம்பித்திருந்த காலத்தில் அவரை முதலில் பார்த்தேன். ஒரு சுருளைக் கழுவக் கொடுத்துவிட்டுப் போனார். கழுவிப் பார்த்தால் எல்லாப் படத்திலும் வெறும் வானம். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. அவர் திரும்பி வந்தபோது, "சுருள் முழுசும் வீணாப் போச்சுங்க" என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, நக நுனியால் ஒரு புள்ளியைத் தொட்டார்.

"இன்னா சார் வீணு? இதோ பாருங்க, ராஜாளி."

"மத்த படத்துல எல்லாம்?"

"அதுலயும் இதே ராஜாளிதான்."

சிரித்துவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, அவரும் சிரித்தார். அடுத்த வெள்ளிக்கிழமையே முதல் பஸ் பிடித்து ஆம்பூருக்குப் போனேன். அங்கே தோல் ஷாப்களுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. ஜும்மா தொழுகைக்கு அவர் கிளம்பும் வரை பாலாற்றங்கரையில் சுற்றுவோம். அப்புறம் அவர் பள்ளிவாசலுக்கு, நான் பஸ்ஸுக்கு. வருஷக்கணக்கில் இப்படியே நடந்தது.

தோலைத் தரம் பிரிப்பது அவர் வேலை. ஒரு ஆட்டுத்தோலை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். விரலால் ஒரு தடவு தடவுவார். இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று அந்தந்தக் குவியலில் போட்டுவிடுவார். இரண்டாம் தடவை பார்க்க மாட்டார். முதலாளியே வந்து கேட்டாலும் மாற்ற மாட்டார். பறவை விஷயத்திலும் அதே ஆள்தான். நாணலுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று விருட்டென்று எழுந்து போகும். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் அது என்ன பறவை, ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவார். நான் அவசரப்பட்டு எதையாவது பெயர் சொல்லி வைத்தால், "முதல்ல நல்லா பாருங்க தோஸ்த். பேரு எங்கியும் ஓடிப்போவாது, குருவிதான் ஓடிப்போவும்" என்பார்.

இந்தப் பொழுதுபோக்கு எப்படி வந்தது என்று ஒருமுறை கேட்டேன். அவர் உடம்பில் தோல் வாசனை எப்போதும் இருக்கும். எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. பஸ்ஸில் அவர் பக்கத்து இடம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். "ஜனங்கதான் பேஜார் பண்றாங்க. குருவிங்க ஒண்ணும் சொல்றதில்ல" என்றார். குருவிகளுக்கு முன்னால் மறைந்து உட்கார அவர் தைத்து வைத்திருந்த கூடாரமும் தோல் பதனிட ஆவாரம்பட்டை வந்த பழைய கோணிகளால் ஆனதுதான். அதற்குள் அவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் எனக்குத் தலை சுற்றும்.

இனி அந்த மாந்தோப்பு.

ஐம்பதுகளின் நடுவில், ஒரு கத்திரி வெயில் காலம். ஆம்பூருக்கு வெளியே ஆற்றோரத் தோப்பில், ஆள் உயரத்துக் கிளையில் விசிறிவால் குருவி கூடு கட்டியிருந்தது. சிலந்தி நூலால் இழைத்த, டீ கிளாஸில் பாதிகூட இல்லாத கூடு. உள்ளே இரண்டு குஞ்சுகள். வாலை விசிறியாக விரித்துக்கொண்டு தாயும் தகப்பனும் மாறி மாறி இரை கொண்டுவந்தன. சுக்கூர் பாய் நாளுக்குக் கொஞ்சமாகக் கூடாரத்தை நகர்த்தி, ஒரு வாரத்தில் கூட்டுக்கு எட்டு அடி தூரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒரே குறை, கூட்டின் மேல் ஒரு கொப்பு இலையோடு கவிந்து நிழல் போட்டது. படத்துக்கு வெளிச்சம் போதாது. சிலர் அப்படிப்பட்ட கொப்பை வெட்டிவிடுவார்கள். அவர் வெட்ட மாட்டார். கயிறு கட்டிப் பக்கவாட்டில் இழுத்து முளையில் கட்டுவார். படம் எடுத்ததும் அவிழ்த்துவிடுவார். கொப்பு பழையபடி கூட்டுக்குக் குடை பிடிக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை படம் கிடைத்தது. தாய் கூட்டின் விளிம்பில், வால் முழுதும் விரிந்து. இரண்டு குஞ்சுகளும் வாயைப் பிளந்து. உங்களில் சிலர் அதைப் பார்த்திருக்கிறீர்கள். அவர் கூடாரத்திலிருந்து தவழ்ந்து வெளியே வந்தபோது முகம் சின்னப் பையன் முகமாக இருந்தது. அதற்குள் நேரமாகிவிட்டது. சைக்கிளில் ஏறிக்கொண்டே, "ஜும்மாவுக்கு டயம் ஆச்சி தோஸ்த். கயிற அவுத்துட்டு வந்துடுங்க" என்றார். சரி என்றேன்.

கேமராவைப் பையில் வைத்தேன். முக்காலியை மடக்கினேன். கோணிகளைச் சுருட்டி மரத்தடியில் வைத்தேன். தண்ணீர் தீர்ந்து போயிருந்தது. ரோட்டில் பஸ் வரும் சத்தம் கேட்டதும் ஓடினேன். மாதனூர் தாண்டும்போது கயிறு ஞாபகம் வந்தது.

இறங்கியிருக்கலாம். திரும்பிப் போக மூன்று நான்கு மைல்தான். வெயிலைப் பார்த்தேன். உட்கார இடம் வேறு கிடைத்திருந்தது. பொழுது சாய்ந்தால் எப்படியும் நிழல் வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படத்தைக் கழுவிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் என் ஸ்டுடியோவுக்கு வந்தார். வேலை நாளில் வருகிறவர் அல்ல. கையில் அந்தக் கயிறு சுற்றி இருந்தது.

"நேத்து சாயங்காலம் போனேன். கட்டினது கட்டினபடியே இருந்துச்சி. குஞ்சு ரெண்டும் வெயில்ல செத்துப் போச்சி. தாய்க்குருவி மட்டும் ரெக்கைய விரிச்சி அதுங்க மேல நின்னுக்கினு இருந்துச்சி." கயிற்றை என் மேஜை மேல் வைத்தார். "நீங்க அவுக்கலியா?"

குற்றம் சாட்டும் குரலில் கேட்கவில்லை. என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் மன்னித்திருப்பார். எனக்குப் பின்னால் அந்தப் படம் அழகாகக் காய்ந்துகொண்டிருந்தது. என் வாய் சொன்னது: "நீங்கதானே பாய், சாயங்காலம் நானே வந்து அவுக்கறேன்னு சொன்னீங்க?"

"நான் அப்படியா சொன்னேன்?"

"ஆமா. சைக்கிள்ல ஏறும்போது."

யோசித்தார். தோலைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாரே, அப்படி என் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "சொல்லியிருப்பேன். ஜும்மா அவசரம்... என் தப்புதான்" என்றார்.

அதன் பிறகு அவர் கேமராவைத் தொடவில்லை. அந்தப் படத்தை எங்கேயும் அச்சிட விடவில்லை. நம் கூட்டங்களுக்குப் புதிதாக யார் வந்தாலும் எழுந்து நின்று, தான் எப்படிக் கயிற்றைக் கட்டினார், எப்படி மறந்தார், குஞ்சுகள் எப்படிச் செத்தன என்று ஒன்று விடாமல் சொல்வார். "என்ன மாதிரி பண்ணிடாதீங்க" என்று முடிப்பார். நீங்கள் எல்லோரும் அதைக் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன். அதையும் பார்த்திருப்பீர்கள்.

இன்னொன்றும் மாறியது. ஏரிக்கரையில் ஏதாவது பறந்தால், "அது உள்ளான்தானே? நீங்களும் பாத்தீங்கல்ல?" என்று என்னைக் கேட்க ஆரம்பித்தார். உள்ளானையும் கொக்கையும் பிரித்துச் சொல்ல எனக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். வயதாகிறது, கண் மங்குகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

செய்தி கேட்ட மறுநாள் ஆம்பூருக்குப் போனேன். அவர் மகன் யூசுப்பும் அதே தோல் ஷாப்பில்தான் வேலை செய்கிறான். டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தான்.

"அந்தக் குருவி விஷயத்துக்கு அப்புறம் அத்தாவுக்குத் தன் மேலயே நம்பிக்கை இல்ல மாமா. ஒரு தோலை ரெண்டு வாட்டி, மூணு வாட்டி பாப்பாரு. இது சரியா, சரியான்னு பக்கத்துல இருக்கறவங்களக் கேப்பாரு. கடசில தரம் பிரிக்கிற வேலையிலருந்தே எடுத்துட்டாங்க. கிடங்குல உக்கார வெச்சிட்டாங்க."

இது எனக்குத் தெரியாது. அவர் என்னிடம் சொல்லவே இல்லை.

"'சாயங்காலம் வந்து அவுக்கறேன்னு சொன்னது நெசமாவே ஞாபகம் இருக்கா அத்தா?'ன்னு நானே கேட்டிருக்கேன். இல்லடா, எனக்கு ஞாபகம் இல்ல, ஆனா நடராஜன் சொல்றாரு, அவரு பொய் சொல்ற ஆளு இல்லன்னாரு."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். டீயைக் குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பி வந்துவிட்டேன்.

சுக்கூர் பாய் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அவர் சொன்னதாக நான்தான் பொய் சொன்னேன். அவருடைய கண்ணும் கையும் கடைசி வரை சரியாகத்தான் இருந்தன. அவரிடமிருந்து எனக்கு மிச்சம் இருப்பது, கூட்டங்களில் அவர் சொல்லி வந்த அந்தக் கதை. அது என்னுடையது, இத்தனை வருஷம் அவர் சுமந்தார். அடுத்த கூட்டத்தில் அவர் நிற்கும் இடத்தில் நான் நின்று அதைச் சொல்கிறேன். யூசுப்பையும் வரச் சொல்லிக் கடிதம் போட்டிருக்கிறேன்.